ஆய்வுப் படிப்புக்கு நடுவே தினமும் படிப்பது: யாருக்காவது கைகூடியிருக்கிறதா?

சிலிக்காஜெல் (கேள்வி)

கரிம வேதியியலில் பிஎச்.டி., இரண்டாம் ஆண்டு. கோர்ஸ் வொர்க் முடிந்துவிட்டது. காலையில் லேபுக்குள் போனால் மெஸ் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளியே வருகிறேன். சனிக்கிழமை குரூப் மீட்டிங்கில் கைடு ஒவ்வொருவரிடமும் "இந்த வாரம் என்ன படிச்சீங்க?" என்று கேட்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆளுக்கொரு பேப்பரை எடுத்து, சுருக்கத்தையும் முடிவுரையையும் மேய்ந்துவிட்டுப் போய்ப் பேசுவோம். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எம்.எஸ்சி. வரைக்கும் தினமும் ஏதாவது படிக்காமல் தூங்கியதில்லை. கதையோ பாடமோ, ஏதோ ஒன்று. இப்போது படிப்பதே வேலை என்றான பிறகு படிப்பு நின்றுவிட்டது. 2025-இல் ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்ததிலிருந்து நிலைமை இன்னும் மோசம். முன்பு ஒரு பேப்பர் வேண்டுமென்றால் யாரிடமாவது கேட்டு, காத்திருந்து வாங்க வேண்டும், கிடைத்ததைப் படித்துவிடுவோம். இப்போது எல்லாமே ஒரு கிளிக்கில் இறங்குகிறது. இறங்கியதோடு சரி.

விடியற்காலையில் எழுந்து படித்துப் பார்த்தேன். ரியாக்‌ஷன் ராத்திரி பன்னிரண்டு வரை இழுக்கிற நாட்களில் அது நடக்காது. கலவையைப் பிரிக்கிற கிரொமட்டோகிராபி ஓடும்போது பக்கத்தில் பேப்பரை வைத்துக்கொண்டும் பார்த்தேன். ஒரு கண் டெஸ்ட் டியூபில், ஒரு கண் பேப்பரில். டியூப் மாற்றி, எது பிரிந்து வந்திருக்கிறது என்று டிஎல்சி தகட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதே பத்தியின் முதல் வரியில்தான் நிற்பேன்.

தினமும் ஒரு பேப்பர் என்று உண்மையிலேயே படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்போது, எங்கே, எவ்வளவு படிக்கிறீர்கள்? ஆப் பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், ப்ளீஸ்.

ஐந்தாமாண்டு

தினமும் ஒரு பேப்பரா! தீசிஸ் எழுத உட்காருங்கள், ரெஃபரன்ஸ் பட்டியலைப் பார்த்த பயத்திலேயே தினமும் பத்து படிப்பீர்கள். இப்போதைக்கு நன்றாகத் தூங்குங்கள்.

காவலூர்

ப்ரோ, நான் வானியற்பியல். எங்கள் ஆட்களில் பலர் தினமும் படிப்பதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அதில் எங்கள் பெருமை ஒன்றும் இல்லை. ஆய்விதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளைப் போடுகிற ஆர்க்சைவ் தளத்தின் பட்டியல், வாசலில் நாளிதழ் விழுகிற மாதிரி தானாக வந்து விழுகிறது, அவ்வளவுதான். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இரவு எட்டு மணிக்கு வெளியிடுவார்கள். நமக்கு அது காலை 5:30. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவைத்ததும் 6:30 ஆகிவிடும். நமக்குச் சனி, ஞாயிறு காலைகளில் எதுவும் வராது. செவ்வாய்க்கிழமைப் பட்டியல்தான் நீளம், ஏனென்றால் அங்கே வெள்ளி மதியத்திலிருந்து திங்கள் மதியம் வரை அனுப்பியதெல்லாம் அதில் சேர்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் இட்லி ஆறிவிடும்.

நான் மெஸ்ஸில் தலைப்புகளை மட்டும் பார்ப்பேன். பிடித்த ஒன்றின் சுருக்கத்தைப் படிப்பேன். பதினொரு மணி டீக்கு நாங்கள் நாலைந்து பேர் நிற்போம்; ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் நானும் படிக்க மாட்டேன், அது எனக்கே தெரியும்.

இன்னொரு விஷயம். எஸ். கேசவ் என்ற கணினி அறிவியல் பேராசிரியர் ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று 2007-இல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எல்லாத் துறைக்காரர்களும் அதைத் தங்கள் மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மூன்று சுற்றாகப் படிக்கச் சொல்கிறார். முதல் சுற்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை. இரண்டாவது சுற்றுக்கு ஒரு மணி நேரம் வரை. மூன்றாவதில் கட்டுரையை நாமே மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும். புதியவர்களுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். "தினமும் ஒரு பேப்பர்" என்று யாராவது சொன்னால், எந்தச் சுற்றில் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சுற்றுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. முதல் சுற்றோடு தூக்கிப் போட வேண்டிய பேப்பர்கள்தான் அதிகம்.

வேதியியலுக்கும் 2017-இலிருந்து அதே மாதிரி கெம்ஆர்க்சைவ் இருக்கிறதே, அதைப் பார்க்கிறீர்களா?

மைப்படி

தம்பி, நான் வேதியியலும் இல்லை, வானியலும் இல்லை. வரலாறு. ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்கிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ். வீட்டில் ஏழாவது படிக்கிற பையன், முட்டி வலிக்கிற மாமியார். லேப் இல்லையே தவிர, நேரத்துக்கு உங்கள் கதிதான் எனக்கும்.

நான் சொல்லப்போவது காவலூருக்குப் பிடிக்காது. ஆய்வுக் கட்டுரையைத் தினமும் படிக்காதீர்கள். மூலத்தைத் தினமும் படியுங்கள். கட்டுரைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

கட்டுரை என்பது ஒருவர் வாதாடுவது. பாதியில் எழுந்து போனால் வாதம் அறுந்துவிடும். மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடிக்குறிப்பைத் தேடிப் போக வேண்டும், அவர் மறுக்கிற ஆளையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முழுசாக இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். நமக்கு அன்றாடம் கிடைப்பதோ துண்டு துண்டான நேரம். அந்தத் துண்டுக்குள் அடங்குகிற சரக்கு வேறு.

என் ஆய்வு, கோயிலில் விளக்கெரிக்கச் சோழர் காலத்தில் கொடுத்த தானங்களைப் பற்றியது. மத்தியத் தொல்லியல் துறை 1890-இலிருந்து வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள்தான் என் மூலம். ஒரு விளக்குத் தானம் என்றால் பெரும்பாலும் சில வரிகள்தான். ஸ்வஸ்தி ஸ்ரீ என்று தொடங்கும். அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி இருந்தால் "திருமகள் போல" என்றதுமே ராஜராஜன், "திருமன்னி வளர" என்றால் ராஜேந்திரன் என்று ஆள் தெரிந்துவிடும். அப்புறம் ஆட்சியாண்டு, நாடு, ஊர், கோயில், கொடுத்தவர் பெயர். ஒரு நொந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, சாவா மூவாப் பேராடு தொண்ணூறு. (ஆடு செத்தாலும் குட்டி போட்டாலும் இடையர் கணக்கில் தொண்ணூறு தொண்ணூறாகவே நிற்க வேண்டும். அந்தக் காலத்து ஃபிக்சட் டெபாசிட்.) நிசதம் (தினமும்) உழக்கு நெய். சந்திராதித்தவல், அதாவது சந்திர சூரியர் உள்ளவரை. இது பன்மாஹேஸ்வர ரக்ஷை, சிவனடியார்களின் காவல். முடிந்தது. ஒரு முழு ஆவணம் படித்தாகிவிட்டது, பஸ் இன்னும் பாபநாசம் வந்திருக்காது.

ஆரம்பத்தில் இதைப் படித்தால் தூக்கம்தான் வரும். நேற்றுப் படித்ததே இன்றைக்கும், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. பழகப் பழகத்தான் வேடிக்கை தொடங்கும். திடீரென்று ஒரு நாள் தொண்ணூறு ஆட்டுக்குப் பதில் தொண்ணூற்றாறு என்று இருக்கும். இன்னொரு நாள் ஆட்டுக்குப் பதில் பசுவோ பொன்னோ இருக்கும். கொடுத்தவர் யாருடைய மனைவி, அந்தக் கணவருக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று மனசு போகும். கண் அங்கேயே நின்றுவிடும். தினமும் படிக்காமல் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் புரட்டுகிறவருக்கு அந்த ஆறு ஆடு கண்ணில் படவே படாது. என் இரண்டாம் இயலின் கேள்வி இப்படி பஸ்ஸில் கிடைத்ததுதான். அதற்கு அப்புறம்தான் அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தேடினேன். தேடுவது எது என்று தெரிந்துவிட்டால் கட்டுரை படிப்பது எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

எல்லாக் கல்வெட்டும் சின்னது இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிப் பெண்களின்) பட்டியல் இருக்கிறதே, இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண், அதை ஒரே மூச்சில் படிக்க யாராலும் ஆகாது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), தலைவீடா இரண்டாம் வீடா, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன, பங்கு எத்தனை என்று ஒவ்வொருவராகப் போகும். பங்கு ஒன்றுக்கு நூறு கலம் (பழைய முகத்தல் அளவு) நெல். அதை ஒரு நாளைக்குப் பத்து வீடு என்று படித்தேன். அந்தத் தெருவில் வீடு வீடாக நடந்து போன மாதிரியே இருந்தது. இப்போதும் பெரிய கோயில் பக்கம் போனால் அந்தச் சிறகுகள் எங்கே இருந்திருக்கும் என்றுதான் கண் தேடுகிறது.

இனி நடைமுறை. முந்தின நாளே ஒரு கல்வெட்டை ஒற்றைத் தாளில் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துவிடுவேன். காலையில் எதைப் படிக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்குப் படிப்பு இல்லை. போனில் படிக்க மாட்டேன். பஸ்ஸில் தலை சுற்றும், அதோடு பையனின் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு நடுவில் வந்து நிற்கும். பென்சில் ஒன்று. இன்று படித்ததில் வழக்கத்துக்கு மாறாக என்ன இருந்தது என்று ஓரத்தில் ஒரே ஒரு வரி. ஒன்றும் இல்லை என்றால் "வழக்கம்போல்" என்று எழுதுவேன். அய்யம்பேட்டையில் கூட்டம் ஏறிவிடும், அதற்குமேல் நின்றுகொண்டு படிக்க நினைப்பது வீண்.

விடைத்தாள் திருத்தும் காலத்தில் இது நின்றுபோகும். நின்றால் நின்றதுதான். விட்ட நாட்களுக்கும் சேர்த்துப் படிக்க நான் உட்காருவதில்லை. மறுபடி தொடங்குகிற அன்றைக்கும் ஒரே ஒரு கல்வெட்டு, அவ்வளவுதான்.

கராஷிமா, சுப்பராயலு, மட்சுய் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு 1978-இல் ஓர் அடைவு கொண்டுவந்தார்கள். கணினியில் ஏற்றிச் செய்த வேலைதான். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் யாரோ ஒருவர் ஒவ்வொரு வரியாகப் படித்திருக்க வேண்டும் இல்லையா? எனக்குச் சோம்பல் வரும்போது அந்தத் தொகுதிகளை எடுத்துப் பார்ப்பேன்.

முன்பு கதை படித்ததையும் சொல்லியிருந்தீர்கள். அதை அட்டவணையில் போடாதீர்கள். படுக்கப் போகும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒன்று கிடக்கட்டும்.

காவலூர்

அக்கா, பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்களுக்கு இது ஒத்துவராது. நீங்கள் படிக்கிற கல் ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது. நான் ஒரு வாரம் பட்டியலைப் பார்க்காமல் விட்டால், நான் செய்துகொண்டிருக்கிற அதே வேலையை வேறு யாராவது போட்டுவிட்டிருப்பார்கள். என் சீனியர் ஒருவருக்கு நடந்திருக்கிறது. பாவம், ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை.

மைப்படி

சரி, போட்டி உள்ள துறையில் பட்டியலைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலைப் பார்ப்பது காவல் காக்கும் வேலை. தம்பி கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். டெலஸ்கோப்பில் எடுத்த தரவை நீங்கள் தினமும் பார்ப்பதில்லையா? உங்களுக்கு அதுதானே கல்வெட்டு?

காவலூர்

பார்க்கிறேன். பிழை திருத்துவதற்காக மட்டும்தான் பார்க்கிறேன் என்பது நீங்கள் கேட்டபிறகுதான் உறைக்கிறது. யோசிக்கிறேன் அக்கா.

கோட்டூர்புரம்வாசி

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தையே கொண்டுபோய்ப் படிக்க என்று தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கூட்டம் இருக்கும், காலையிலேயே போனால்தான் இடம். சுற்றி அத்தனை பேர் தலை குனிந்து படிக்கும்போது நமக்கும் போனை எடுக்கக் கூச்சமாக இருக்கும்.

சிலிக்காஜெல்

எல்லோருக்கும் நன்றி. கெம்ஆர்க்சைவ் எப்போதாவது பார்ப்பதுதான். அக்கா, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். தொண்ணூற்றாறு ஆட்டை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். வேதியியலில் மூலம் என்பது எது? ஃபிளாஸ்க்கா? அதை நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

பழைய சீனியர்

நானும் கரிம வேதியியல்தான். முடித்துவிட்டு இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் புராசஸ் பிரிவில் இருக்கிறேன். அந்தம்மா சொல்வது நம் துறைக்கும் அப்படியே பொருந்தும் தம்பி, இடம் மட்டும் வேறு.

நமக்கு மூலம் பேப்பரோடு இணைத்துத் தருகிற சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன், சுருக்கமாக எஸ்.ஐ. பேப்பர் சில பக்கம்தான் இருக்கும், பின்னால் இணைத்த எஸ்.ஐ. நூறு பக்கத்தைத் தாண்டும். யாரும் திறப்பதில்லை, ரியாக்‌ஷன் ஓடாமல் போகும்போது தவிர. முன்னால் உள்ளது வாதம். பின்னால் உள்ளதுதான் நடந்தது. எத்தனை மில்லிகிராம் எடுத்தார்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம், எந்தக் கரைப்பான் விகிதத்தில் பிரித்தார்கள், கடைசியில் என்ன கிடைத்தது. ஒரு செய்முறை ஒரு பத்திதான் வரும். தினமும் ஒன்று படிக்கலாம்.

அதற்கும் முன்னால், ஆர்கானிக் சிந்தசிஸ் என்ற செய்முறைத் தொகுப்பைப் படியுங்கள். 1921-இலிருந்து வருகிறது, இணையத்தில் இலவசம். அதில் ஒரு சிறப்பு உண்டு. அனுப்பப்படுகிற ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் லேபில் செய்து பார்த்து, சொன்னபடி வந்தால்தான் அச்சிடுவார்கள். ரசம் எல்லாம் கீழே உள்ள குறிப்புகளில்தான். எந்தக் கம்பெனி ரீஏஜென்ட், எதைக் காய்ச்சி வடித்த பிறகு சேர்த்தார்கள், சொட்டுச் சொட்டாகச் சேர்க்க எத்தனை நிமிடம், நடுவில் நிறம் என்னவாக மாறியது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருப்பார்கள். லேபில் சீனியர்கள் காதோடு காதாகச் சொல்லித் தருகிற சங்கதிகள் அங்கே அச்சில் கிடக்கும்.

அப்புறம் ஸ்பெக்ட்ரம். எஸ்.ஐ. கடைசியில், மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்.எம்.ஆர். படங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். தினமும் ஒன்று பாருங்கள். பட்டியலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் முதலில் படத்தை மட்டும் பார்த்து, நீங்களே ஒவ்வொரு பீக்கும் யாருடையது என்று குறியுங்கள். டியூட்டிரேட்டட் குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் எடுத்திருந்தால், படத்தின் அளவுகோலில் 7.26-இல் கரைப்பானின் மிச்சம், 1.56 பக்கத்தில் தண்ணீர். 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து தெரிந்தால் எத்தில் அசிடேட்டை முழுசாக வற்றவைக்காமல் அவசரமாக எடுத்த சாம்பிள் என்று அர்த்தம். 1997-இல் வந்த கரைப்பான் மாசுப் பட்டியல் உங்கள் லேப் சுவரிலும் ஒட்டியிருக்கும், பாருங்கள். கொஞ்ச நாளில் சுவரைப் பார்க்க வேண்டியிருக்காது. அந்தம்மாவின் தொண்ணூற்றாறு ஆடு நமக்கு இங்கேதான் தட்டுப்படும்: எல்லாம் சரியாக இருந்து, யாரும் பேர் சொல்லாத ஒரு சின்ன பீக் மட்டும் ஓரமாக நிற்கும். அது என்ன என்று கேட்கத் தொடங்கினால் பேப்பரின் வாதத்தைப் படிக்கத் தானாகவே ஆசை வரும்.

குரூப் மீட்டிங்கில் இதைச் சொல்லிப் பாருங்கள். "இந்தப் பேப்பரின் எஸ்.ஐ.யில் இப்படி ஒன்று இருக்கிறது சார்" என்றால் உங்கள் கைடு நிமிர்ந்து உட்காருவார். முடிவுரையைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் சலித்திருக்கும்.

சிலிக்காஜெல்

இது புரிகிறது அண்ணா. நாளைக்கே தொடங்குகிறேன். நான் இப்போது சுசூகி கப்ளிங் என்கிற வினையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதையே எடுக்கலாமா? அக்கா மாதிரி பிரிண்ட் எடுப்பதா, லேப் கம்ப்யூட்டரிலேயே பார்ப்பதா?

பழைய சீனியர்

முதல் கொஞ்ச நாள் உங்கள் ரியாக்‌ஷனையே எடுக்காதீர்கள். ஓடாத காரணத்தைத் தேடிக்கொண்டே படிப்பீர்கள், மற்றதெல்லாம் கண்ணில் படாது. சம்பந்தமில்லாத ஒன்றாக எடுங்கள். ஆக்சிடேஷன், கிரிக்னார்டு, எதுவானாலும் சரி.

பிரிண்ட்தான். முன்பக்கம் செய்முறை, பின்பக்கம் அதன் புரோட்டான் என்.எம்.ஆர். ஸ்பெக்ட்ரம், ஒரே தாள். லேபுக்குள் கொண்டுபோக வேண்டாம், அசிட்டோன் பட்டால் எழுத்து கரைந்துவிடும். மெஸ்ஸிலோ ஹாஸ்டல் திண்ணையிலோ வைத்துப் படியுங்கள்.

மைப்படி

இன்றைக்கு ராத்திரியே பிரிண்ட் எடுத்து வையுங்கள் தம்பி. நாளை காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஐந்தாமாண்டு

நானும் ஒரு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.